நிலம் இல்லாத படம்

அவள் ஒருநாளும் படகில் ஏறியதில்லை. கல்யாணமான புதிதில் கணவன் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், கட்டிப் போட்டிருந்த ஒரு பாய்மரப் படகைக் காட்டி, சும்மா ஒரு காலை மட்டும் வை என்றான். வைத்தாள். படகு அவள் காலுக்குக் கீழே ஒரு சாண் இறங்கியது. காலை எடுத்துக்கொண்டாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. திரும்பி வரும் பேருந்தில் அவன் சிரித்துக்கொண்டே வந்தான். அவளுக்கு அந்த ஒரு கால் மட்டும் வீடு வரும்வரை ஆடிக்கொண்டே இருந்தது.

பயம் அவளுக்குக் கூடப்பிறந்தது. லிஃப்டில் ஏற மாட்டாள். தொலைபேசி நேரங்கெட்ட நேரத்தில் அடித்தால் எடுப்பதற்கு முன்பே கண்ணில் நீர் கோத்துவிடும். கண் மருத்துவமனையில் வேலை. டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் நோயாளிகளின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரியும்வரை மூடிக்கொண்டிருக்கச் சொல்ல வேண்டும். அங்கே அவளுக்குப் பெயர் சொட்டக்கா. பயந்துகொண்டு வருகிறவர்களை அவளிடம்தான் அனுப்புவார்கள். அவள் முகத்தைப் பார்த்தால் தங்கள் பயம் பெரிதில்லை என்று தோன்றிவிடும் போலிருக்கிறது.

கணவனின் தொழில் மற்றவர்களுடைய படகை ஓட்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. வசதியுள்ளவர்கள் ஓர் ஊரில் பாய்மரப் படகு வாங்குவார்கள். இன்னோர் ஊரில் வைத்துக்கொள்ள ஆசைப்படுவார்கள். நடுவில் இருக்கும் கடல் இவன் பாடு. இரண்டு வருடமாக அவளுடைய தம்பியும் கூடப் போகிறான். தொழிற்சாலை மூடி, வேலை போய், தாடி வளர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கணவனிடம் கேட்டுக்கொண்டவளே அவள்தான். கேட்ட பிறகுதான் உறைத்தது, வீட்டிலிருக்கும் இரண்டு ஆண்களையும் ஒரே படகில் ஏற்றிவிட்டோம் என்று.

காற்றைப் பார்க்கும் வேலை அவளிடம் வந்து சேர்ந்ததற்கும் பயம்தான் காரணம். காற்று எங்கே எப்படி அடிக்கும் என்று பெரிய கணினிகள் முன்கூட்டியே கணக்குப் போட்டு வெளியிடுகின்றன. உலகத்தையே கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு மூலையிலும் இத்தனை மணிக்கு இவ்வளவு காற்று என்று எண்கள். அந்தக் கோப்பை இறக்கி, அதற்கென்று இருக்கும் நிரலில் திறந்தால் வரைபடத்தின் மேல் சின்னச் சின்ன அம்புகளாக விரியும். அம்பின் வாலில் இறகு கூடினால் காற்று கூடுகிறது. நிறமும் உண்டு: நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு, எல்லாவற்றுக்கும் மேலே ஊதா. கணவன் கடலில் இருக்கும் நாட்களில் அவள் சாப்பிட்டாளோ இல்லையோ, இதைப் பார்த்துவிடுவாள். படகிலோ செயற்கைக்கோள் தொலைபேசி ஒன்றுதான். காலையிலும் பொழுது சாயும்போதும் மட்டும் திறப்பான். கோப்பு சொட்டுச் சொட்டாக இறங்கும், பாதியில் அறுந்துபோகும். நீ எப்படியும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய், எனக்கு அளவாக வெட்டி மின்னஞ்சலில் அனுப்பிவிடு என்றான். அப்படி ஆரம்பித்தது.

வெட்டுவதுதான் இதில் வேலையே. மின்னஞ்சல் ஓர் அளவுக்கு மேல் போனால் அந்தத் தொலைபேசிக் கம்பெனியின் கணினி அதைத் தூக்கி எறிந்துவிடும். அனுப்பியவளுக்கும் சொல்லாது, காத்திருப்பவனுக்கும் சொல்லாது. அதனால் வரைபடத்தில் சுட்டியால் ஒரு பெட்டி வரைந்து, பெட்டிக்குள் இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் அவள் பயத்தில் பெட்டியைப் பெரிதாகப் போட்டாள். இரண்டு முறை கோப்பு போய்ச் சேரவேயில்லை. ஊருக்கு வந்தபோது கணவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். வடக்கே கரை, கரைக்கு மேலே ஊர்கள், மலைகள், எல்லாம் பெட்டிக்குள் இருந்தன.

"மண்ணுல யாரு பாய் விரிக்கப் போறா? மண்ணை வெட்டிடு. கரையோரத்தையும் சேர்த்து வெட்டு, அங்கெல்லாம் நான் போறதில்ல" என்றான்.

வெட்டினாள். கோப்பு பாதியாகச் சிறுத்தது. அன்றிலிருந்து அவள் பெட்டியில் கடல் மட்டும்தான்.

இன்னொரு விதியும் இருந்தது. அதற்கு அவளே காரணம். அம்புகளை அனுப்பும்போது கூடவே நாலு வார்த்தை எழுதிக்கொண்டிருந்தாள். கிளம்பாதீங்க, மனசு சரியில்லை. இன்னும் ஒரு நாள் இருந்து பாருங்க. ஒருமுறை அவன் அதைக் கேட்டு இரண்டு நாள் துறைமுகத்திலேயே கிடந்தான். கடல் எண்ணெய் ஊற்றி வைத்தது போலக் கிடந்தது. படகின் சொந்தக்காரன் தொலைபேசியில் கிழித்துவிட்டான். இன்னொரு முறையும் அப்படியே. வீட்டுக்கு வந்தபோது அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "காத்தை நீ அனுப்பு. பயத்தை வீட்லயே வச்சுக்க" என்று மட்டும் சொன்னான். அது நியாயம் என்றே அவளுக்கும் பட்டது.

மாடியில் இருக்கும் நாத்தனார்தான் இதை விடாமல் பிடித்துக்கொண்டாள். கணவனின் தங்கை. நகரப் பேருந்து ஓட்டுகிறாள். கட்டியவனைத் தள்ளிவைத்து வெகு காலமாகிறது. "அண்ணி பேச்சைக் கேட்டு எங்கண்ணன் தொழில் பண்ணினா, படகை நம்ம வாசல்லதான் கட்டி வச்சிருக்கணும்" என்பாள். வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வாள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரிப்பதில் பயம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும்.

அன்று காலை அனுப்பியதும் அப்படி வெட்டிய கோப்புதான். மேற்கே ஒரு துறையிலிருந்து கிழக்கே இன்னொரு துறைக்கு, திறந்த கடலைக் குறுக்கே கடக்க வேண்டும். ஒரு பகலும் ஓர் இரவும். பெட்டி முழுக்க நீலமும் பச்சையும். கடைசிப் படத்தில், மேல் ஓரத்தில், அம்புகள் மூன்று மட்டும் மஞ்சளாக இருந்தன. பார்த்தாள். ஓரம்தானே என்று விட்டாள். கிளம்புகிறோம் என்று ஒரு வரி வந்தது. அவள் சாப்பாட்டு டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

மத்தியானம் டாக்டர் அறுவை சிகிச்சைக்குப் போய்விட்டார். வெளியே பெஞ்சில் ஒருவருமில்லை. வரவேற்பு மேஜையின் கணினியில் அதே நிரலை அவள் முன்பொரு நாள் ஏற்றி வைத்திருந்தாள், அதிகம் தொட்டதில்லை. வீட்டுக் கணினியில் அவளுடைய பெட்டி சேமித்து வைத்திருக்கும். இங்கே நிரல் எந்த இடம் என்று புதிதாகக் கேட்டது. இங்கே இணைப்பும் வேகம், அளவுக்குக் கவலையும் இல்லை. முழுவதையும் கொடு என்று அழுத்தினாள்.

படம் விரிந்தது. கடல் காலையில் பார்த்தது போலவே பச்சை. அதற்கு மேலே, கரைக்கும் மேலே, நிலத்தின் நடுவில் ஊதா.

திரையில் அழுக்கோ என்று முதலில் விரலால் தேய்த்தாள். பிறகு நேரத்தை நகர்த்தினாள். ஊதா கீழே இறங்கியது. இரண்டு மலைகளுக்கு நடுவே, ஆறு வரும் பள்ளத்தின் வழியே, ஒல்லியாக, துணியைக் கிழித்தது போல நேராக இறங்கியது. விடியும்போது கரையைத் தாண்டியது. காலை நன்றாக விடிந்தபோது அவள் கணவன் கடந்துகொண்டிருக்க வேண்டிய இடத்தில் நின்றது. அங்கே அம்புகளின் வாலில் இறகுகளை எண்ண முடியவில்லை.

அந்தப் பள்ளத்தில்தான் அவளுடைய ஊரும் இருந்தது. மருத்துவமனையும், வீடும், நாத்தனாரின் பேருந்து நிறுத்தமும் அந்த ஊதாவுக்குள் இருந்தன. இத்தனை நாளாக அவள் பெட்டிக்கு வெளியே வெட்டித் தள்ளியதில் தன் ஊரும் இருந்தது என்பது அவளுக்கு அதுவரை தோன்றியதில்லை. ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

துறைமுக அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தாள். எடுத்தவர் பொறுமையாகத்தான் பேசினார். காற்று வருவது தெரியும், எச்சரிக்கை வானொலியில் போய்க்கொண்டிருக்கிறது என்றார். அந்தப் படகு இப்போது எங்கே என்று கேட்டார். சொன்னாள். அங்கே எங்கள் வானொலி எட்டாதே அம்மா என்றார். ஆபத்து என்று அவர்கள் உதவி கேட்டார்களா என்றார். இல்லை, அவர்களுக்குத் தெரியவே தெரியாது என்றாள். பிறகு படகின் அடையாளத்தைக் குறித்துக்கொண்டார்.

மிச்சமிருந்தது பொழுது சாயும் நேரம். அவன் தொலைபேசியைத் திறப்பான், இருக்கும் மின்னஞ்சலை இறக்குவான், மூடுவான். அதற்குள் அவனுடைய மின்னஞ்சல் பெட்டியில் ஒன்று போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

முதலில் வார்த்தைகளில் எழுதினாள். பெரிய காற்று வருது, எனக்குப் பயமா இருக்கு, திரும்பிடுங்க. எழுதியதைப் படித்துப் பார்த்தாள். அவள் முன்பு எழுதியவற்றில் எதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவன் இதை மைத்துனனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவான், இருவரும் சிரிப்பார்கள், படகு கிழக்கே போய்க்கொண்டிருக்கும். அழித்தாள்.

படம்தான் போக வேண்டும். நிலமும் கடலும் சேர்ந்த பெரிய பெட்டி போட்டாள். அளவு எங்கோ போய் நின்றது. கட்டங்களைப் பெரிதாக்கினால் கோப்பு சிறுக்கும் என்று தெரியும். பெரிதாக்கினாள். அளவுக்குள் அடங்கியது. அனுப்பப் போனவள், எதற்கும் ஒருமுறை திறந்து பார்ப்போமே என்று திறந்தாள்.

ஊதா இல்லை. சிவப்பும் இல்லை. கடல், கரை, மலை எல்லாம் பச்சை. அங்கங்கே ஒரு மஞ்சள்.

கோப்பை மூடி மறுபடி திறந்தாள்; அதே பச்சை. பிறகுதான் புரிந்தது. காற்று ஒல்லியாக வருகிறது. பெரிய கட்டத்தின் ஒரு மூலை இந்த மலையில் விழுகிறது, மறு மூலை அந்த மலையில் விழுகிறது. நடுவில் இறங்குவது எந்த மூலையிலும் சிக்காமல் நழுவிவிடுகிறது. இதை அனுப்பியிருந்தால் அவன் பார்த்து, நல்லதாப் போச்சு என்று இன்னொரு பாயையும் ஏற்றியிருப்பான். கோப்பில் பொய் ஒன்றும் இல்லை. எண்களெல்லாம் சரியான எண்கள்தான். அதை அழிக்கும்போது அவள் விரல் இரண்டு முறை வேறு பொத்தானில் விழுந்தது.

ஒரு நோயாளி வந்து உட்கார்ந்தார். அவருக்கு மருந்து விட்டுக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

கடைசியில் கடலை வெட்டினாள். படகு இருக்கும் இடம், போகும் வழி, சேரும் துறை, எல்லாவற்றையும் பெட்டிக்கு வெளியே தள்ளினாள். இரண்டு மலை, நடுவில் பள்ளம், கரையில் ஒரு துண்டு. கட்டம் சின்னது. நேரத்திலும் நாலைந்து படம் மட்டும். அளவுக்குள் வந்தது. திறந்து பார்த்தாள்; ஊதா இருந்தது. கீழே ஒரு வரி எழுதினாள்: இது தரை. நாளைக்குக் காலைல கடலுக்கு வந்துடும். பயமா இருக்கு என்று சேர்த்து, அந்த இரண்டு சொல்லையும் எடுத்துவிட்டு, அனுப்பினாள்.

பொழுது சாயும்போது அவன் செய்தி வந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "அருமையான காத்து. மச்சான் சமையல். சாப்பிட்டு உயிரோட இருந்தா காலைல பேசறேன்." இது அவன் முன்னாலேயே எழுதி வைத்திருப்பது. தொலைபேசியைத் திறந்ததும் இது வெளியே வந்திருக்கும், அவளுடையது உள்ளே போயிருக்கும். போயிருக்கும் என்றுதான் நினைக்க வேண்டும். அவன் இறக்கிய பிறகு மூடிவிட்டுத்தான் படிப்பான். படித்தானா, பெட்டியில் கடலே இல்லாததைப் பார்த்து அவளுக்குக் கைதவறிவிட்டது என்று நினைத்தானா, அல்லது கம்பெனியின் கணினியே தூக்கி எறிந்துவிட்டதா என்று காலைவரை தெரியப் போவதில்லை.

நாத்தனாரிடம் சொன்னாள். அவள் சாக்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். வழக்கம்போல ஏதாவது கேலி சொல்வாள் என்று இவள் எதிர்பார்த்தாள். நாத்தனாரோ திரையைக் காட்டச் சொல்லி, குனிந்து பார்த்து, "இதுல நம்ம வீடு எங்க?" என்று கேட்டாள். காட்டினாள். நாத்தனார் எழுந்துபோய் மாடியில் காயப்போட்டிருந்த துணிகளை எடுத்து, ஜன்னல்களை அடைத்துவிட்டு வந்தாள். அதன் பிறகுதான் அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

இரவில் காற்று வந்தது. சொன்ன நேரத்துக்கு வந்தது. ஒரு தகரம் எங்கோ பிய்ந்து தெரு நெடுக உருண்டு போனது. இங்கே அடிப்பது கொஞ்ச நேரத்தில் அங்கே அடிக்கும் என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் கணக்குப் போட்டுக்கொண்டு கிடந்தாள்.

காலையில் வர வேண்டிய செய்தி வரவில்லை. வழக்கமான நேரம் வந்தது, போனது. வேலைக்குக் கிளம்பிப்போன நாத்தனார் பாதியில் திரும்பி வந்துவிட்டாள். பாலத்தின் மேல் பேருந்து போகக் கூடாது என்று நிறுத்தியிருந்தார்கள். "காலி வண்டியைத் தள்ளுது அண்ணி. ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கைப் பிடிச்சும் நிக்கல" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். வீட்டில் இரு, நான் கூட இருக்கிறேன் என்றாள். ஆனாலும் இவள் வேலைக்குப் போனாள். வீட்டில் இருந்தால் தொலைபேசியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மருத்துவமனையில் ஒரு பெரியவர், "இந்தக் கண்ணுல இப்பதானே விட்டீங்க?" என்றார். மன்னிப்புக் கேட்டுத் துடைத்துவிட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்து, பரவாயில்லை, இன்னும் நல்லாத் தெரியும் என்றார்.

தொலைபேசி சட்டைப்பையில் அதிர்ந்தபோது அவள் கையில் மருந்துக் குப்பி இருந்தது. அதை மூடி வைத்துவிட்டுத்தான் எடுத்தாள்.

"தீவுக்குப் பின்னால இருக்கோம். நங்கூரம் பிடிச்சிருக்கு." அதற்குக் கீழே அவர்கள் நிற்கும் இடத்தின் எண்கள். திரும்பியிருக்கிறார்கள். படித்திருக்கிறான், நம்பியிருக்கிறான், இரவோடு இரவாகப் படகைத் திருப்பித் தெற்கே இருந்த தீவின் மறைவுக்கு ஓடியிருக்கிறான். அவள் சுவரில் சாய்ந்தாள். எதிரே பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை.

அடுத்தது உடனே வந்தது. "கண்ணெல்லாம் உப்பு, மச்சானுக்கும். படம் அனுப்பாதே, பாக்க முடியாது. ரெண்டு வரி எழுத்துன்னா எப்படியோ படிச்சுடுவேன். இங்கயே படுத்துடலாமா? நீ சொல்லு. ஃபோனை மூடல."

நீ சொல்லு என்று அவன் எழுதியதே இல்லை. அவள் அந்த வரியை இன்னொரு தரம் படித்தாள். பிறகு மேஜைக்கு ஓடினாள்.

எண்களைப் போட்டுப் பார்த்தாள். காற்றுப் படத்தில் அந்தத் தீவே இல்லை; கட்டத்தைவிடச் சின்னது அது, அம்புகள் அதன் மேலேயே நடந்து போயின. கடல் வரைபடத்தை எடுத்தாள். தீவின் தென்கிழக்கு முனையில் ஒரு சின்ன வளைவு. வடக்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு அது நல்ல இடம். நேரத்தை நகர்த்தினாள். மத்தியானத்துக்குப் பிறகு அம்புகள் தலையைத் திருப்பின. கிழக்கிலிருந்து அடித்தன. சிவப்பு. அந்த வளைவு கிழக்கே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அவர்களுக்கு முதுகுப்புறம் பாறை.

இன்னொரு நாட்டுக் கணினி போட்ட கணக்கையும் இறக்கினாள். அது வேறு மாதிரி சொன்னது. காற்று திரும்பும்தான், ஆனால் பொழுது சாய்ந்த பிறகு, அப்போதும் மஞ்சள்தான். அப்படியானால் இரவு முழுக்கத் தூங்காதவர்கள் கொஞ்சம் தூங்கி எழுந்து, வெளிச்சம் இருக்கும்போதே நிதானமாக இடம் மாறலாம். இந்தக் காற்றில், கை ஓய்ந்த இரண்டு பேர் இப்போது நங்கூரத்தை எடுக்க வேண்டாம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எது சரி என்று எந்த மூலையிலும் எழுதியிருக்கவில்லை. முதலாவதை நம்பச் சொல்வது எது, நேற்று அது சொன்னபடி நடந்ததா, அல்லது இரண்டில் எது மோசமோ அதைப் பிடித்துக்கொள்ளும் அவள் புத்தியா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அனுப்பாதே என்று அவன் சொல்லாமல் விட்டிருந்தால் இரண்டு படத்தையும் அனுப்பலாம். பாத்துக்கோங்க, முடிவு உங்களோடது என்று இருந்துவிடலாம். படத்தைப் பார்க்கவே முடியாது என்கிறான். தொலைபேசி அங்கே திறந்து கிடக்கிறது.

டாக்டர் உள்ளே கூப்பிட்டார். அவள் போகவில்லை. டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து, அடுத்த நோயாளியைத் தானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

எழுதினாள். "படுக்காதீங்க. காத்து மத்தியானத்துக்கு மேல கிழக்க திரும்பப் போகுது. தெற்கு முனையைச் சுத்தி மேற்குப் பக்கம் போங்க. இப்பவே."

"சரி" என்று வந்தது. அவ்வளவுதான்.

அனுப்பும்வரை இருந்த பயம் அவளுக்குத் தெரிந்த பயம். காற்று என்ன செய்யும், கடல் என்ன செய்யும் என்கிற பயம். அந்த ஒரு சொல் வந்த பிறகு வந்தது வேறு. இப்போது அங்கே கண் தெரியாத இரண்டு பேர் அவள் எழுதியதால் எழுந்து, அவள் எழுதியதால் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். நல்லபடியாகப் பிடித்திருந்த நங்கூரம். தனக்குப் பயம் என்பதற்காகத் தூங்கப் போனவர்களை எழுப்பிவிட்டோமோ என்று நினைத்தாள். வேண்டாம், இருங்கள் என்று எழுதிவிடலாமா என்று தொலைபேசியை எடுத்தாள். நடு வழியில் அதைப் படித்தால் இன்னும் மோசம். வைத்துவிட்டாள். மீதி நேரம் முழுவதும் அவள் யாருக்கும் மருந்து விடவில்லை. டாக்டர் வேறு ஒருத்தியை அனுப்பியிருந்தார்.

பொழுது சாயும்போது நாத்தனார் வாசலிலேயே நின்றிருந்தாள். ஊரில் காற்று தணிந்திருந்தது. தெருவில் மரக்கிளைகளை இழுத்து ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இருவரும் சமையலறையில் உட்கார்ந்து தொலைபேசியை நடுவில் வைத்துக்கொண்டார்கள். தேநீர் போட்டாள் நாத்தனார். ஆறிப்போயிற்று.

வந்தது தம்பியிடமிருந்து. அவன் நீளமாக எழுதுகிறவன். எழுத்துக்கு இவ்வளவு என்று செலவு ஆனாலும் கேட்க மாட்டான்.

"அக்கா, மேற்குப் பக்கம் இருக்கோம். ஆடாம நிக்குது. மாமா பூட்ஸோட தூங்கிட்டாரு. காத்து நீ சொன்னதுக்கு முன்னாடியே திரும்பிடுச்சு, நாங்க முனையைச் சுத்தும்போதே. பழைய இடத்துல அலை பாறை மேல ஏறி அந்தப் பக்கம் கொட்டுது. பெரிய நங்கூரம் பாறையில மாட்டிக்கிச்சு, விட்டுட்டு வந்துட்டோம், சின்னதுதான் போட்டிருக்கு. சங்கிலியில என் விரல் ரெண்டு மாட்டிடுச்சு. மாமா கட்டுப் போட்டிருக்காரு. கவலைப்படாத."

நாத்தனார் அதை வாங்கிச் சத்தமாகப் படித்தாள். படித்து முடித்து, முகத்தை முந்தானையால் ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "நீ சொன்னதுக்கு முன்னாடியே திரும்பிடுச்சாம். படுத்திருந்தா?" என்றாள். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். "ரெண்டு விரல்தானே அண்ணி. ஆளு இருக்கான்ல."

அவள் தலையாட்டினாள். ஆள் இருக்கிறான். இரண்டு பேரும் இருக்கிறார்கள். அது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் தொலைபேசியைத் திரும்ப வாங்கி அந்தக் கடைசி வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டிடுச்சு என்றால் நசுங்கியதா, போய்விட்டதா. சின்ன நங்கூரம் எவ்வளவு சின்னது. கட்டுப் போட்டவன் கண்ணே சரியில்லாதவன்.

எந்தக் கை என்று கேட்டு எழுதினாள்.

பதில் வரவில்லை. தூங்கியிருப்பான் என்றாள் நாத்தனார். இருக்கும் என்று அவளும் சொன்னாள். ஆறிய தேநீரை ஓரமாக நகர்த்திவிட்டு, வீட்டுக் கணினியைத் திறந்து, அடுத்த கோப்பு வந்துவிட்டதா என்று பார்த்தாள். வரவில்லை. திரையைப் பார்த்தபடி காத்திருந்தாள். நாத்தனார் மாடிக்குப் போகாமல் அவள் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.